அஞ்சுதெங்கில் பிறந்த பத்திரிகை

திருவாங்கூர் சமஸ்தானத்தின் திவான்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றுவது வழக்கம். சேஷய்ய சாஸ்திரி, ராமய்யங்கார், சங்கரசுப்பையர், பெருங்காவூர் ராஜகோபாலாச்சாரி, கடைசியாக ஸர் சி.பி. ராமசுவாமி ஐயர் என்று பெயர்களை வரிசையாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தப் பெருமையில் தவறில்லை. ஆனால் அந்தத் திவான்களை அவர்கள் ஆண்ட ஊர் ஜனங்கள் எப்படிப் பார்த்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அதற்குப் பதில் அரசாங்க ரிக்கார்டுகளில் கிடைக்காது. அந்தக் காலத்து உள்ளூர்ப் பத்திரிகைகளில்தான் கிடைக்கும்.

அப்படி ஒரு பத்திரிகையின் சரித்திரத்தை நம் அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதன் பெயர் 'ஸ்வதேசாபிமானி'. மலையாள வாரப் பத்திரிகை. 1905-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் தேதி அஞ்சுதெங்கு என்ற சின்னஞ்சிறு கடற்கரை ஊரில் பிறந்தது. 1910 செப்டம்பர் 26 அன்று திருவனந்தபுரத்தில் அரசாங்கத்தால் முடக்கப்பட்டது. ஆயுள் ஐந்து வருஷம் எட்டு மாதம்தான். இருந்தும் கேரளத்தில் பத்திரிகைச் சுதந்திரம் என்று யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருவது இந்தப் பெயர். அதை முடக்கிய திவான் நம்மவர். எனவே இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

ஐந்து தென்னை மரங்களின் ஊர்

அஞ்சுதெங்கு என்றால் ஐந்து தென்னை. ஆங்கிலேயர் நாக்கில் அது 'அஞ்செங்கோ' ஆயிற்று. திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் நடுவே, சிறயின்கீழ் பக்கம், ஒரு புறம் கடலும் மறுபுறம் காயலுமாக நீண்டு கிடக்கும் மணல் திட்டு. 1684-இல் ஆற்றிங்கல் ராணி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே பண்டகசாலை கட்டிக்கொள்ள அனுமதி கொடுத்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் கோட்டையும் எழும்பியது. மிளகு வியாபாரம் கொழித்த காலத்தில் மேற்குக் கடற்கரையில் கம்பெனிக்கு இது முக்கியமான இடம். கம்பெனியின் யுத்தங்களைப் பற்றிப் பெரிய சரித்திரம் எழுதிய ராபர்ட் ஓர்ம் 1728-இல் பிறந்தது இந்த ஊரில்தான். 1721-இல் கம்பெனிக்காரர்களின் கெடுபிடி தாங்காமல் ஆற்றிங்கல் பகுதி ஜனங்கள் திரண்டெழுந்து நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர்களை வெட்டி வீழ்த்தியதும் இந்த வட்டாரத்தில்தான்.

மிளகு வியாபாரம் வேறு துறைமுகங்களுக்குப் போன பிறகு ஊர் களை இழந்தது. 1905-இல் அங்கே மீன்பிடிப்பும் கயிறு திரிப்பும்தான் பிரதான தொழில். ஆனால் பழைய வியாபாரம் விட்டுச் சென்ற ஒரு விசேஷம் மட்டும் மிச்சம் இருந்தது. சுற்றிலும் மகாராஜாவின் திருவாங்கூர். நடுவே இந்தச் சிறிய நிலத்துண்டு மட்டும் பிரிட்டிஷ் பூமி. மகாராஜாவின் உத்தரவு அந்த மணல் திட்டின் எல்லையோடு நின்றுவிடும். திருவாங்கூர் அதிகாரிகளை விமர்சிக்க நினைக்கும் பத்திரிகைக்கு இதைவிட வசதியான ஊர் ஏது!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்போது கொல்லத்துக்குத் தெற்கே ரயில் கிடையாது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்ததே 1904-இல்தான். கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு 1918-இல்தான் பாதை திறந்தார்கள். அதுவரை கடலோரமாகப் போகும் காயலும் கால்வாயும்தான் ராஜபாட்டை. சரக்கும் மனிதர்களும் தபாலும் வள்ளங்களில் போய் வந்தன. அஞ்சுதெங்கு அந்த நீர்வழியில் இருந்தது. வாரப் பத்திரிகைக் கட்டுகள் தெற்கே தலைநகருக்கும் வடக்கே கொல்லத்துக்கும் போக இந்த வழி உதவியது.

முதல் போட்ட மௌலவி

பத்திரிகையை ஆரம்பித்தவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. அஞ்சுதெங்குக்குப் பக்கத்து ஊரான வக்கத்தில், வசதியான வியாபாரக் குடும்பத்தில் 1873 டிசம்பர் 28-இல் பிறந்தவர். அதே வருஷத்தில் அதே கடற்கரையில், காயிக்கரை என்ற கிராமத்தில், மகாகவி குமாரன் ஆசானும் பிறந்தார். மௌலவி பன்மொழி வித்வான். அரபி, பாரசீகம், உருது, சம்ஸ்கிருதம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் கற்றவர். எகிப்திலிருந்து வந்த 'அல் மனார்' என்ற பத்திரிகையைப் படித்து, தம் சமூகத்தில் மூடப் பழக்கங்கள் ஒழியவும் பெண்கள் படிக்கவும் பாடுபட்டவர்.

இவர் குடும்பப் பணத்தைப் போட்டு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வரவழைத்தார். பத்திரிகைக்கு முதல் ஆசிரியராகச் சி.பி. கோவிந்த பிள்ளை என்பவரை அமர்த்தினார். அடுத்த வருஷம், 1906 ஜனவரியில், கே. ராமகிருஷ்ண பிள்ளை ஆசிரியரானார். அச்சகம் முதலில் வக்கத்துக்கும், 1907-இல் திருவனந்தபுரத்துக்கும் இடம் பெயர்ந்தது.

மௌலவி செய்த இரண்டு காரியங்களை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்று, முதலாளி தாமாக இருந்தும் பத்திரிகையில் என்ன எழுத வேண்டும் என்ற முழு உரிமையையும் ஆசிரியரிடமே விட்டுவிட்டார். தலையங்கங்களில் அவர் தலையிடவில்லை. இரண்டு, ஒரு முஸ்லிம் தனவந்தர் தம் சமூகத்துக்காக மட்டும் பத்திரிகை நடத்தவில்லை. நாட்டின் பொது நியாயத்துக்காக ஒரு நாயர் ஆசிரியரை நியமித்து நடத்தினார். தம் மதத்தினருக்காக 1906-இல் 'முஸ்லிம்' என்ற பத்திரிகையைத் தனியாகத் தொடங்கினார். இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

ஆசிரியர்

ராமகிருஷ்ண பிள்ளை 1878 மே 25-இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். தாய் சக்கியம்மா நாயர் குலம். தந்தை நரசிம்மன் போற்றி, கோயில் பூஜை செய்தவர். கல்லூரியில் படிக்கும்போதே பத்திரிகைப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. 'கேரள தர்ப்பணம்', 'கேரள பஞ்சிகா', 'மலையாளி' ஆகியவற்றில் பணியாற்றிவிட்டுத்தான் ஸ்வதேசாபிமானிக்கு வந்தார். மனைவி பி. கல்யாணி அம்மாவும் எழுத்தாளர். 1904-இல் தொடங்கிய 'சாரதா' என்ற பெண்கள் பத்திரிகையை நடத்தியவர்களில் ஒருவர்.

இவர் கையில் ஸ்வதேசாபிமானி கூர்மையாயிற்று. அரசாங்க உத்தியோகங்களில் லஞ்சம், சிபாரிசு, அரண்மனை மானேஜர் சங்கரன் தம்பியின் செல்வாக்கு, திவானின் எதேச்சாதிகாரம் என்று வாரா வாரம் எழுதினார். பொறுப்பாட்சி இல்லாத காலம். 1904-இல் ஏற்பட்ட ஸ்ரீமூலம் பிரஜா சபைக்குக் குறைகளைச் சொல்லும் உரிமை மட்டும் உண்டு, தீர்மானிக்கும் அதிகாரம் கிடையாது. அந்த நிலையில் ஒரு வாரப் பத்திரிகை திவானைப் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டது பெரிய விஷயம்.

'பரதேசி' என்ற சொல்

இங்கே நம் மனத்தை உறுத்தக்கூடிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்நாளைய திருவாங்கூர்ப் பொதுவாழ்வில் நம்மவர்களைக் குறிக்க அடிக்கடி வந்த சொல் 'பரதேசி'. தமிழில் இது வசைச்சொல். மலையாளத்தில் 'வேற்று நாட்டிலிருந்து வந்தவர்' என்றுதான் பொருள். மட்டாஞ்சேரியில் வெளிநாட்டு யூதர்கள் கட்டிய தொழுகைக் கூடத்துக்கே 'பரதேசி சினகாக்' என்றுதான் இன்றும் பெயர். சொல்லில் வசை இல்லை. ஆனால் சொல்லின் பின்னால் மனக்குறை இருந்தது.

அந்தக் குறை என்ன? 1891 ஜனவரியில், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட மனு ஒன்று ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவுக்குப் போயிற்று. 'மலையாளி மெமோரியல்' என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். சமஸ்தானத்தின் உயர்ந்த உத்தியோகங்கள் வெளியூரிலிருந்து வந்த பிராமணர்களுக்கே போகின்றன, உள்ளூரில் படித்தவர்களுக்கு இடமில்லை என்பது அதன் சாராம்சம். நாயர்களும் ஈழவர்களும் கிறிஸ்தவர்களும் அதில் கையெழுத்திட்டிருந்தார்கள். ஐந்து வருஷம் கழித்து, 1896-இல், டாக்டர் பல்பு தலைமையில் 13,176 ஈழவர்கள் தனியாக ஒரு மனு கொடுத்தார்கள்.

நம் தரப்பில் சொல்லக்கூடியதும் உண்டு. கும்பகோணம், சென்னைக் கல்லூரிகளில் ஆங்கிலப் படிப்பு சீக்கிரமே வேரூன்றியது. நம்மவர்கள் அதை முதலில் பற்றிக்கொண்டார்கள். நிர்வாகம் தெரிந்தவர்களைத் தேடிய மகாராஜாக்கள் அவர்களை அழைத்தார்கள். அழைத்துப் போனார்களே தவிர, யாரும் படையெடுத்துப் போகவில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு தலைமுறைக்குப் பிறகு உள்ளூரிலும் பட்டதாரிகள் வந்துவிட்டார்கள். அப்போதும் மேல் நாற்காலிகள் அதே மாதிரி நிரம்பினால் உள்ளூர்க்காரன் மனத்தில் என்ன தோன்றும்? வயிற்றெரிச்சல் என்று சொல்லி அதை ஒதுக்கிவிட முடியாது.

பத்திரிகையின் மறுபக்கம்

இந்தக் கதையைக் கேரளத்தில் சொல்லும்போது ஆசிரியர் வீரர், திவான் வில்லன் என்று சொல்லிவிடுவார்கள். நம் வீடுகளில் சொன்னால் நேர் எதிராகச் சொல்வார்கள். நான் படித்தறிந்த வரையில் இரண்டுமே முழு உண்மை இல்லை.

பி. ராஜகோபாலாச்சாரி 1907 முதல் 1914 வரை திருவாங்கூர் திவான். அதற்கு முன் கொச்சியிலும் திவானாக இருந்தவர். பின்னால், 1920-இல், சென்னை சட்டசபைக்கு முதல் தலைவரானார். இவர் காலத்தில்தான் புலையர் முதலான தாழ்த்தப்பட்டோரின் குழந்தைகளுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் கதவைத் திறக்கும் உத்தரவுகள் பிறந்தன. அய்யன்காளி பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டு 1912-இல் அங்கே தம் மக்களுக்காகப் பேசியதும் இவர் காலத்தில்தான்.

அந்தப் பள்ளிக்கூட உத்தரவை ஸ்வதேசாபிமானி எப்படி வரவேற்றது தெரியுமா? 1910 மார்ச்சில் எதிர்த்துத் தலையங்கம் எழுதியது. தலைமுறை தலைமுறையாக அறிவை வளர்த்துக்கொண்டவர்களின் பிள்ளைகளையும் தலைமுறை தலைமுறையாக நிலத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது போல என்ற கருத்தில் எழுதினார் ராமகிருஷ்ண பிள்ளை. பின்னர் கார்ல் மார்க்ஸைப் பற்றி மலையாளத்தில் முதல் புத்தகம் எழுதப் போகிறவரும் இதே ராமகிருஷ்ண பிள்ளைதான்!

ஆக, பத்திரிகைச் சுதந்திரத்துக்கு உயிரைக் கொடுத்தவர் குழந்தைகளின் படிப்பு விஷயத்தில் பிற்போக்காக நின்றார். பத்திரிகையின் குரல்வளையை நெரித்தவர் அதே விஷயத்தில் முன்னே நின்றார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் சரித்திரம். நம் திவானுக்குச் சாதகமான பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொண்டால், ஆசிரியருக்குச் சாதகமான பாதியை மட்டும் எடுத்துக்கொள்பவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அதனால் பத்திரிகையை மூடியது சரியாகிவிடுமா? ஆகாது. தவறாக எழுதிய தலையங்கத்துக்குப் பதில் இன்னொரு தலையங்கம். அவதூறு என்றால் அதற்குக் கோர்ட் இருக்கிறது. திவான் இரண்டு வழியிலும் போகவில்லை. பத்திரிகை மூடப்பட்டது பள்ளிக்கூடத் தலையங்கத்துக்காகவும் இல்லை. திவானையும் அவர் நிர்வாகத்தையும் தாக்கியதற்காகத்தான் மூடப்பட்டது.

1910 செப்டம்பர் 26

அன்று மகாராஜாவின் பெயரால் உத்தரவு பிறந்தது. பத்திரிகைக்குத் தடை, அச்சகம் பறிமுதல், ஆசிரியர் நாடு கடத்தல். விசாரணை கிடையாது, குற்றப் பத்திரிகை கிடையாது. போலீஸ் அச்சகத்தைக் கைப்பற்றியது. ராமகிருஷ்ண பிள்ளையைக் கைது செய்து, நாஞ்சில் நாட்டு வழியாக எல்லை கடத்தித் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த திவான், மலையாள ஆசிரியரை அவருடைய சொந்த மண்ணிலிருந்து தமிழ்நாட்டுக்கு அனுப்பினார். இதைவிடப் பொருள் பொதிந்த முரண் வேண்டுமா? அதன்பின் அவர் திருவாங்கூர் மண்ணை மிதிக்கவே இல்லை.

பத்திரிகை அஞ்சுதெங்கிலேயே இருந்திருந்தால் அச்சகத்தை இவ்வளவு எளிதாகப் பிடித்திருக்க முடியுமா என்று நான் யோசித்ததுண்டு. தலைநகருக்குப் போனதால் செய்தி விரைவாகக் கிடைத்தது, வாசகர் பெருகினார்கள். அதே சமயம் பத்திரிகை மகாராஜாவின் கைக்கெட்டும் தூரத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் பிரிட்டிஷ் பூமியும் பத்திரிகைகளுக்குச் சொர்க்கம் அல்ல. 1878-இல் லிட்டன் பிரபு இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கென்றே ஓர் அடக்குமுறைச் சட்டம் போட்டார். ரிப்பன் பிரபு அதை எடுத்தார். 1910-இல் மறுபடியும் கடுமையான பத்திரிகைச் சட்டம் வந்தது.

அந்தக் காலத்தில் எல்லைக்கோடுதான் பத்திரிகைகளுக்குக் கவசம். நம் பாரதியாரின் 'இந்தியா' பத்திரிகை 1908-இல் சென்னையை விட்டுப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனதும் இதே காரணத்தால்தான். பிரிட்டிஷார் தம் எல்லைக்குள் அது வராமல் தடுத்ததால் 1910-இல் நின்றுபோயிற்று. பின்னாளில் கோட்டயத்திலும் இதே கதை. கண்டத்தில் வர்கீஸ் மாப்பிள்ளை 1888-இல் கம்பெனி ஆரம்பித்து, 1890-இல் முதல் இதழ் கொண்டுவந்த 'மலையாள மனோரமா' அப்போது ஒரு சிறிய ஊரின் வாரப் பத்திரிகை. அது வளர்ந்து நாளிதழான பின், 1938-இல், ஸர் சி.பி. அரசாங்கம் அதன் அலுவலகத்துக்குச் சீல் வைத்தது. கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்த குன்னங்குளத்திலிருந்து ஒன்பது மாதம் அச்சிட்டுப் பார்த்தார்கள். பிறகு நின்றது. 1947 நவம்பர் 29-இல்தான் மறுபடியும் வெளிவந்தது. நம்மவர் திவானாக இருந்த காலத்தில் மூடப்பட்ட இன்னொரு பெரிய பத்திரிகை அது என்பதையும் நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகு

நாடு கடத்தப்பட்ட ஆசிரியர் குடும்பத்தோடு சென்னையில் இருந்தார். தம் அனுபவத்தை 'என்றெ நாடுகடத்தல்' என்ற புத்தகமாக எழுதினார். 'நாடுகடத்தல்' என்ற சொல் நமக்கும் அவர்களுக்கும் பொது. 1912-இல் இரண்டு புத்தகங்கள் வந்தன. ஒன்று கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை. இன்னொன்று 'விருத்தாந்த பத்ர பிரவர்த்தனம்', பத்திரிகைத் தொழிலைக் கற்றுக்கொடுக்கும் நூல். பத்திரிகையைப் பறிகொடுத்த மனிதர், அடுத்து வருபவர்கள் தொழிலைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று பாடப்புத்தகம் எழுதினார்!

சென்னைக்குப் பிறகு பாலக்காட்டில் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா அடைக்கலம் கொடுத்தார். பின்னர் கல்யாணி அம்மாவுக்குக் கண்ணூரில் ஆசிரியை வேலை. அங்கேதான் 1916 மார்ச் 28 அன்று, க்ஷயரோகத்தால், முப்பத்தெட்டு வயது நிறைவதற்குள் ராமகிருஷ்ண பிள்ளை காலமானார். பையாம்பலம் கடற்கரையில் அவர் சமாதி இருக்கிறது. அவரோடு வாழ்ந்த காலத்தைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற பெயரில் எழுதினார். குரு பகவான் ராசிச் சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற ஆகும் பன்னிரண்டு வருஷம்தான் வியாழவட்டம். அவர்கள் இல்லறமும் ஏறத்தாழ அவ்வளவுதான். அந்த அம்மையார் 1959 வரை வாழ்ந்தார்.

வக்கம் மௌலவிக்குப் பெரும் பணநஷ்டம். அச்சகத்தைத் திருப்பித் தரும்படி விண்ணப்பம் போடச் சிலர் யோசனை சொன்னபோது, என் ஆசிரியர் இல்லாத அச்சகம் எனக்கு எதற்கு என்ற பொருளில் அவர் மறுத்துவிட்டதாகக் கேரளத்தில் இன்றும் சொல்வார்கள். 1932 அக்டோபர் 31-இல் காலமாகும் வரை கல்விக்காகவும் சமூகச் சீர்திருத்தத்துக்காகவும் உழைத்தார். சுதந்திரம் வந்த பிறகு அந்த அச்சு இயந்திரத்தைக் கேரள அரசாங்கம் அவர் குடும்பத்தாரிடம் திருப்பிக் கொடுத்தது. ராமகிருஷ்ண பிள்ளைக்குத் திருவனந்தபுரத்திலேயே சிலை வைத்தார்கள். 1957-இல் அதைத் திறந்து வைத்தவர் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத். பத்திரிகையாளர்களுக்குக் கேரள அரசு தரும் உயர்ந்த விருது ஸ்வதேசாபிமானி பெயரையும் தாங்கியிருக்கிறது.

இதில் நமக்கு என்ன?

நம் அங்கத்தினர்கள் மும்பை, டில்லி, கொல்கத்தா, நாக்பூர், பெங்களூரு, ஹைதராபாத் என்று பல ஊர்களில் இருக்கிறார்கள். நம் முன்னோர் திருவாங்கூருக்குப் போனது போலவே நாமும் படிப்பை மூலதனமாகக் கொண்டு பிற ஊர்களுக்குப் போனவர்கள். போன இடத்தில் நல்ல பெயரும் எடுத்திருக்கிறோம், சில சமயம் மனத்தாங்கலையும் சம்பாதித்திருக்கிறோம். 1960-களில் பம்பாயில் 'மார்மிக்' என்ற மராத்தி வாரப் பத்திரிகை, கம்பெனிகளில் இருந்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டதை மூத்த அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பட்டியலின் பின்னால் வந்த கலாட்டாவையும் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்வதேசாபிமானியையும் அதையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. ஒன்று அதிகாரத்தில் இருந்தவரைக் கேள்வி கேட்டது. மற்றது மாதச் சம்பளக்காரர்களைக் குறி வைத்தது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்த உள்ளூர்க்காரரின் மனக்குறை ஒரே ஜாதியைச் சேர்ந்தது. அது தெருவுக்கு வரும் முன்பே பத்திரிகைத் தாளில் வந்துவிட்டது. படித்தவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

நம்மில் எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? ஆங்கிலத் தினசரி ஒன்று, ஊரிலிருந்து வரும் தமிழ் வாராந்தரி ஒன்று, அதோடு திருப்தி அடைந்துவிடுவது நம் வழக்கம். நாற்பது வருஷம் ஓர் ஊரில் இருந்து, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த ஊர் மொழியில் காய்கறி பேரம் பேச மட்டுமே தெரிந்தவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. நான் கேரளத்துக்கு உத்தியோக நிமித்தம் வந்த பிறகுதான் மலையாளம் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினேன். பழகாமல் இருந்திருந்தால் இந்தத் திவானைப் பற்றி நம் வீடுகளில் சொல்லும் பாதிக் கதைதான் எனக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் என் வேண்டுகோள் எளியது. எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊரின் மொழியில், அந்த ஊரின் பத்திரிகை ஒன்றுக்குச் சந்தா கட்டுங்கள். பெரிய தேசியப் பத்திரிகை வேண்டாம். முனிசிபாலிடி தண்ணீரையும் பள்ளிக்கூட அட்மிஷனையும் பற்றி எழுதும் சின்னப் பத்திரிகை போதும். பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். அது நம்மைப் புகழ்ந்தால் சந்தோஷம். நம்மைத் திட்டினால் இன்னும் கவனமாக இரண்டு தடவை படியுங்கள். அதில் தவறு இருந்தால் அதே மொழியில் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். நியாயம் இருந்தால் நம்மைத் திருத்திக்கொள்வோம்.

திவான் ராஜகோபாலாச்சாரி மேதாவி, நிர்வாகி, பள்ளிக்கூடக் கதவைத் திறந்தவர். ஒரு சின்னப் பத்திரிகைக்குப் பதில் சொல்லும் பொறுமை மட்டும் அவருக்கு இல்லாமல் போயிற்று. அதனால் அவருடைய மற்ற நல்ல காரியங்கள் எல்லாம் மறைந்து, கேரளத்தில் அவர் பெயர் அந்த ஒரு நாள் உத்தரவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.